குளிர்காலத்தில் மீண்டும் ஓடத் தொடங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஓட்டப்பயிற்சியை விட்டுவிட்டவர்கள் பெரும்பாலும் பழியைக் குளிரின் மேல் போடுகிறார்கள். ஆனால் ஓடுகிற உடலுக்குக் குளிர் பகை அல்ல. ஓடும்போது நாம் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. வெயில் காலத்தில் அந்த வெப்பத்தைத் தோல் வழியாக வெளியேற்றவே இதயம் பெரும்பாடு படுகிறது. குளிர்ந்த காற்றில் அந்தச் சுமை குறைகிறது. மாரத்தான் ஓட்டக்காரர்கள் 10 டிகிரி செல்சியஸை ஒட்டிய நாட்களை விரும்புவதற்கு இதுதான் காரணம்.

குளிர்காலத்தில் நம்மை நிறுத்துபவை வேறு: விடிந்தும் விடியாத இருட்டு, போர்வையின் கதகதப்பு, வழுக்கும் தரை, 'நாளை பார்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம். இவற்றை எல்லோரும் அறிவார்கள். அதிகம் பேசப்படாத ஆபத்து ஒன்றும் உண்டு. தயக்கத்தை வென்று வெளியே வந்தவருக்கு அந்தக் குளிர்ந்த காற்றில் ஓடுவது மிகவும் சுகமாக இருக்கும். மூச்சு முட்டாது, வியர்வை குறைவு. அதனால் முதல் வாரத்திலேயே அளவுக்கு மீறி ஓடிவிடுவார். மூன்றாவது, நான்காவது வாரத்தில் கணைக்கால் வலியோடு மறுபடி வீட்டில் உட்கார்ந்துவிடுவார். ஆகவே இந்த வழிகாட்டி இரண்டு வேலைகளைப் பற்றியது: வெளியே வருவதை எளிதாக்குவது, வந்தபின் அடக்கி ஓடுவது.

ஓடாமல் இருந்த நாட்களில் என்ன நடந்தது

1984இல் எட்வர்ட் கோய்ல் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், நன்கு பயிற்சி பெற்ற சிலர் 84 நாட்கள் பயிற்சியை நிறுத்தினால் என்ன ஆகிறது என்று அளந்தார்கள். உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு முதல் 21 நாட்களில் 7 சதவீதம் குறைந்தது. 56ஆம் நாள் வாக்கில் 16 சதவீதம் குறைந்து, அதற்கு மேல் பெரிதாகச் சரியாமல் நின்றுவிட்டது. முதலில் விழுவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு. இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்துவிடுவது இதற்கு முக்கியக் காரணம்.

முதலில் போனது முதலில் திரும்பியும் வரும். பயிற்சியைத் தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. மூச்சு வாங்குவது குறைந்து, 'பழைய நிலைக்கு வந்துவிட்டேன்' என்ற நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் எலும்பும் தசைநாணும் அந்த வேகத்தில் வருவதில்லை. புதிய சுமை விழும் இடத்தில் எலும்பு முதலில் பழைய திசுவை அரித்து எடுத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும். இந்தச் சுற்று முடிய மூன்று, நான்கு மாதங்கள் ஆகலாம். இடைப்பட்ட வாரங்களில் அந்த இடம் முன்பைவிடச் சற்று பலவீனமாகவே இருக்கும். குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த தசைநாணும் மெதுவாகத்தான் வலுப்பெறும். நுரையீரல் தயார் என்று சொல்லும் நாளில் கால் தயாராக இருப்பதில்லை. கீழே வரும் திட்டம் கால்களின் வேகத்துக்கு ஏற்ப அமைந்தது.

தொடங்கும் முன்

இதய நோய், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும், நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் உணர்ந்தவர்களும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆரோக்கியமான உடலுக்கு அது பொருட்டல்ல. அடைப்புள்ள இதயத்துக்கு அது கூடுதல் சுமை. ஆண்டுக்கணக்கில் உடற்பயிற்சியே இல்லாமல் இருந்தவர்களுக்கும் இதே அறிவுரைதான்.

முதல் படி: முடிவை முந்தைய இரவே எடுத்துவிடுங்கள்

காலை இருட்டில், அலாரம் அடித்தபின், 'ஓடப் போவதா வேண்டாமா' என்று யோசிக்கும் நிலையில் உங்களை வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த நேரத்தில் மனம் எப்போதும் ஒரே பதிலைத்தான் தரும். நாள், நேரம், வழி மூன்றையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 'செவ்வாய், வியாழன், ஞாயிறு. எழுந்து பல் துலக்கியதும் உடை மாற்றி, பூங்காவை ஒரு சுற்று' என்ற அளவுக்குத் தெளிவாக இருக்கட்டும். 'இந்த வாரம் மூன்று நாள் ஓடுவேன்' என்பது ஆசைதான். எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்று முடிவு செய்தால்தான் அது நடக்கும்.

உடைகளைப் போட்டுக்கொள்ளும் வரிசையிலேயே அடுக்கி வையுங்கள். மேலே காலுறை, அதன் கீழ் உள்ளாடை, பனியன், கீழாடை, அதற்கும் கீழே ஜாக்கெட், பக்கத்தில் கையுறையும் விளக்கும். விளக்கு சார்ஜ் ஆகியிருக்கிறதா என்று இரவே பாருங்கள். காலணியை வெளியே வைக்காமல் அறைக்குள் வையுங்கள். இரவு முழுக்கக் குளிரில் கிடந்த காலணியின் நுரைப்பகுதி பலகைபோல் விறைத்துவிடும். முதல் சில நிமிடங்களுக்கு ஒவ்வொரு அடியும் நேராக முழங்காலுக்கு ஏறுவதை உணரலாம். அறைக்குள் இருந்த காலணியில் இந்தத் தொல்லை இல்லை.

காலைதான் சிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். மதிய இடைவேளையில் அரை மணி கிடைக்குமானால் குளிர்காலத்தில் அதுவே பொன்னான நேரம். வெளிச்சம் இருக்கும், அந்நாளின் குளிரும் குறைந்திருக்கும், தரையில் உறைந்தது ஓரளவு இளகியிருக்கும். எந்த நேரமானாலும் வாரம்தோறும் அதே நேரமாக இருப்பதுதான் முக்கியம்.

பழக்கம் பிடிபடக் காலம் எடுக்கும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி நடத்திய ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் பழக்கமாக 18 முதல் 254 நாட்கள் வரை பிடிக்கும் என்று கணக்கிடப்பட்டது. நடுமதிப்பு 66 நாட்கள். இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. இந்தக் கடைசித் தகவலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் விட்டுப்போனால் 'எல்லாம் போயிற்று' என்று கைவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மிக மோசமான நாட்களுக்கென ஒரு குறைந்தபட்ச ஒப்பந்தமும் வேண்டும்: உடை மாற்றி, வெளியே வந்து, பத்து நிமிடம் நடப்பது. அதன்பின் திரும்ப வேண்டுமானால் திரும்பலாம். அந்த நாளும் கணக்கில் சேரும்.

இரண்டாம் படி: உடை

வெளியே உள்ள வெப்பநிலையைவிடப் பத்து டிகிரி கூடுதலாக இருப்பதாக எண்ணி உடுத்துங்கள். கதவைத் திறந்ததும் சற்றுக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டும். குளிர்காலத்தில் வியர்வைதான் தொல்லை. நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த துணி உடலை ஒட்டியிருக்கும்போது நடக்கத் தொடங்கினால் உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும்.

அதனால் உடலை ஒட்டிய அடுக்கு பருத்தியாக இருக்கக் கூடாது. பருத்தி வியர்வையை உறிஞ்சித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி நல்லது. கடுங்குளிரில் அதன்மேல் சற்றுத் தடித்த ஓர் அடுக்கும், காற்றோ மழையோ இருந்தால் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட்டும் போதும். கழுத்துவரை ஜிப் உள்ள உடை வசதி, சூடேறியதும் திறந்துவிடலாம்.

கையுறையையும் தொப்பியையும் அலட்சியம் செய்யாதீர்கள். உடல் தன் நடுப்பகுதியைக் காப்பாற்ற விரல்கள், காது, மூக்கு நுனி ஆகியவற்றுக்குப் போகும் இரத்தத்தைத்தான் முதலில் குறைக்கிறது. உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகப் போய்விடுகிறது என்று சொல்வது உண்மையல்ல. தலையும் மற்ற பகுதிகளைப் போலத் தன் பரப்பளவுக்கு ஏற்பத்தான் வெப்பத்தை இழக்கிறது. தொப்பி காதுக்காகத்தான்.

மூன்றாம் படி: கதவுக்கு உள்ளேயே உடலைச் சூடேற்றுங்கள்

குளிர்ந்த தசையை அசையாமல் இழுத்துப் பிடித்து நீட்டுவதில் பயனில்லை. அசைவுதான் வேண்டும். ஐந்து நிமிடம் போதும்: இருந்த இடத்தில் நடை, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும் வீசுதல், பத்துப் பன்னிரண்டு முறை உட்கார்ந்து எழுதல், குதிகாலை உயர்த்தி இறக்குதல். படிக்கட்டு இருந்தால் இரண்டு முறை ஏறி இறங்குங்கள். சூடேறிய உடலோடு வெளியே வருகிறவருக்கு முதல் குளிர் அவ்வளவாக உறைக்காது.

நான்காம் படி: முதல் பத்து நிமிடங்கள்

வெளியே வந்ததும் ஐந்து நிமிடம் விறுவிறுப்பாக நடங்கள். பிறகு மெல்ல ஓடத் தொடங்குங்கள். முதல் சில நிமிடங்கள் சுகமாக இருக்காது. கன்னம் இறுகும், மூக்கு ஒழுகும், கால்கள் கனக்கும். இந்தக் கட்டத்தில்தான் பலர் 'இன்று உடம்பு சரியில்லை' என்று திரும்பிவிடுகிறார்கள். உங்கள் விரல் நுனிகளைக் கவனியுங்கள். தொடக்கத்தில் மரத்திருந்த விரல்கள் பத்து நிமிடத்தை நெருங்கும்போது கையுறைக்குள் சூடாகத் தொடங்கும். சுருங்கியிருந்த இரத்தக் குழாய்கள் திறந்துவிட்டன என்பதற்கு அது அடையாளம். ஏறக்குறைய அதே நேரத்தில் கால்களின் கனமும் குறையும். அன்று ஓடலாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.

வேகத்துக்கு ஒரே சோதனை பேச்சு. முழு வாக்கியங்களாகப் பேச முடிந்தால் சரியான வேகம். இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் வேகத்தைக் குறையுங்கள். மணிக்கட்டுக் கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பைக் குளிரில் முழுக்க நம்ப வேண்டாம். தோலுக்கு அடியில் இரத்தவோட்டம் குறையும்போது அதன் ஒளி உணரி தடுமாறும்.

பழைய வேகம் நினைவுக்கு வந்து உறுத்தும். இந்த எட்டு வாரங்களுக்குத் தொலைவையும் வேகத்தையும் பார்க்காமல் நிமிடங்களை மட்டும் எண்ணுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பனியும் இருட்டும் உள்ள வழியில், மூன்று அடுக்கு உடையோடு ஓடும் வேகத்தைக் கோடைகால வேகத்தோடு ஒப்பிடுவது நியாயமும் அல்ல.

ஐந்தாம் படி: எட்டு வாரத் திட்டம்

நடையும் ஓட்டமும் மாறி மாறி வரும் முறையைத் தொடக்கநிலையாளருக்கு மட்டுமானது என்று ஒதுக்காதீர்கள். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலவே இதைப் பரவலாக்கினார். மாரத்தானையே இந்த முறையில் முடிப்பவர்கள் உண்டு. நடை இடைவெளிகள் தசைநாணுக்கு ஓய்வு தருகின்றன, உற்சாகத்துக்கும் கடிவாளம் போடுகின்றன.

இரண்டு மாதமோ அதற்கு மேலோ ஓடாதவர்களுக்கான திட்டம் இது. வாரம் மூன்று நாள், அடுத்தடுத்த நாட்களில் வேண்டாம். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் ஐந்து நிமிட நடை.

முதல் வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 7 முறை.
இரண்டாம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 5 முறை.
மூன்றாம் வாரம்: 3 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 4 முறை.
நான்காம் வாரம்: மூன்றாம் வாரத்தை அப்படியே திரும்பச் செய்யுங்கள்.
ஐந்தாம் வாரம்: 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 3 முறை.
ஆறாம் வாரம்: 8 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 2 முறை.
ஏழாம் வாரம்: 10 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 2 முறை.
எட்டாம் வாரம்: 20 நிமிடம் தொடர் ஓட்டம்.

நான்காம் வாரத்தில் முன்னேற்றமே இல்லை என்று தோன்றும். அந்த வாரம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. மூச்சு திரும்பிவிட்ட, ஆனால் எலும்பு இன்னும் வேலையில் இருக்கிற கட்டம் அது. திட்டத்தில் எதைத் தாண்டிச் சென்றாலும் அதைத் தாண்டாதீர்கள். மூன்று, நான்கு வாரங்கள் மட்டுமே ஓடாமல் இருந்தவர்கள் மூன்றாம் வாரத்திலிருந்து தொடங்கலாம்.

ஓடாத நாட்களில் இரண்டில், ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியைச் செய்யுங்கள். முழங்காலை நேராக வைத்து 12 முறை, சற்று மடக்கி 12 முறை, இவ்வாறு மூன்று சுற்றுகள். முழங்காலை மடக்கும்போது கெண்டைக்காலின் அடித்தசை வேலை செய்கிறது. ஓட்டத்தில் அதிகச் சுமை தாங்கும் தசைகளில் அதுவும் ஒன்று. பத்து நிமிடத்துக்குள் முடிகிற இந்த வேலையை விட்டுவிடுகிறவர்கள்தான் குதிகால் வலியோடு வருகிறார்கள்.

எட்டு வாரங்களுக்குப் பிறகு வாரம் ஒருநாள் மட்டும் நீளத்தைக் கூட்டுங்கள். 2025இல் வெளியான ஓர் ஆய்வு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்தது. முந்தைய 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தொலைவைவிட ஒரே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக ஓடியவர்களுக்குக் காயம் அதிகமாக ஏற்பட்டது என்று அது காட்டியது. வாரக் கணக்கைவிட ஒற்றை நாளின் மிகையைத்தான் கவனிக்க வேண்டும். வேகப் பயிற்சி பன்னிரண்டாம் வாரத்துக்குப் பின் போதும்.

இருட்டு, பனிக்கட்டி, காற்று

இருட்டில் ஒளியைத் திருப்பும் பட்டையை மார்பில் மட்டும் அணிவது போதாது. கணுக்காலிலும் முழங்காலிலும் அணியுங்கள். மேலும் கீழும் அசையும் ஒளியைக் கண்டால்தான் அது மனிதர் என்று வண்டி ஓட்டுபவர் விரைவாக உணர்வார். நடைபாதை இல்லாத சாலையில் வண்டிகளை எதிர்நோக்கிய பக்கமாக ஓடுங்கள். காதில் இசை வேண்டாம். தலைவிளக்கு பிறர் உங்களைப் பார்க்க மட்டுமல்ல, தரையிலுள்ள பள்ளத்தை நீங்கள் பார்க்கவும் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிப்படலம் பெரும்பாலும் பாலங்களின் மேலும், வெயில் படாத மூலைகளிலும், நீர் கசிந்து ஓடும் இடங்களிலும் படியும். தார் நனைந்ததுபோல் மின்னினால், அதேசமயம் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியிருந்தால், அதைப் பனி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அடியைச் சிறிதாக்கி, பாதம் முழுவதையும் உடலுக்கு நேர் கீழே பதியுங்கள், திடீரெனத் திரும்பாதீர்கள். தினமும் பனியில் ஓட வேண்டியவர்கள் காலணியின் மேல் மாட்டும் ஆணிப்பட்டை வாங்கிவிடலாம்.

காற்றடிக்கும் நாளில் புறப்படும்போது காற்றை எதிர்த்தும், திரும்பும்போது காற்று முதுகில் படும்படியும் வழியை அமைத்துக்கொள்ளுங்கள். மாறாகச் செய்தால் வியர்த்த உடலோடு எதிர்காற்றில் திரும்ப வேண்டியிருக்கும். காற்றுக் குளிர் அளவையும் பாருங்கள். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் தோல் மைனஸ் 20 டிகிரி அளவுக்குக் குளிரை உணரும். அந்த அளவு மைனஸ் 27ஐத் தொட்டால் மூடாத தோல் அரை மணிக்குள் உறையும் ஆபத்து இருக்கிறது. அன்று வெளியே ஓட வேண்டாம். டிரெட்மில் இருந்தால் அதில் ஓடலாம். அதன் சாய்வை 1 சதவீதம் வைக்க வேண்டும் என்பது வேகமாக ஓடுபவர்களுக்கான கணக்கு. நம் மெதுவான வேகத்துக்குச் சமதளமே போதும். டிரெட்மில் இல்லாதவர்கள் படிக்கட்டு நடையையும் குதிகால் பயிற்சியையும் அதே நேரத்தில் செய்து, அந்த நேரத்தைக் கைவிடாமல் வைத்துக்கொள்ளலாம்.

மூச்சும் தண்ணீரும்

குளிர்காற்றால் நுரையீரல் உறைந்துவிடாது. உள்ளே போவதற்குள் மூக்கும் தொண்டையும் காற்றுக்குழாயும் அதைச் சூடாக்கி ஈரமாக்கிவிடுகின்றன. அந்த வேலையில் காற்றுக்குழாய் வறண்டுபோவதுதான் எரிச்சலுக்கும் இருமலுக்கும் காரணம். மெல்லிய துணியால் வாயையும் மூக்கையும் மூடினால், வெளிவிடும் மூச்சின் ஈரமே அடுத்த மூச்சுக்கு உதவும். ஓடி நின்ற ஐந்து முதல் பதினைந்து நிமிடங்களில் இளைப்போ நெஞ்சிறுக்கமோ வந்தால் அது காற்றுக்குழாய் சுருங்குவதாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள், மருந்தால் எளிதாகக் கட்டுப்படும்.

குளிரில் தாகம் எடுக்காது, ஆனால் மூச்சின் வழியாகவும் சிறுநீராகவும் நீர் போய்க்கொண்டுதான் இருக்கும். முன்னும் பின்னும் ஒரு டம்ளர் குடியுங்கள்.

ஓடி முடித்ததும்

வெளியே நின்று பேசாதீர்கள். உள்ளே வந்த உடனே ஈர உடையைக் கழற்றி உலர்ந்ததை அணியுங்கள். நீட்டல் பயிற்சிகள் அதற்குப் பிறகுதான். நனைந்த காலணியின் உள் அட்டையை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து வையுங்கள். ஹீட்டரின் அருகில் வைத்தால் பசை விட்டுப்போகும்.

வலி, சளி, தவறிய வாரம்

பத்துக்கு மூன்று என்று மதிப்பிடக்கூடிய மந்தமான வலி, ஓட ஓடக் குறைந்து மறுநாள் காலை இல்லாமல் போனால் தொடரலாம். ஓட ஓடக் கூடுகிற வலி, நொண்ட வைக்கிற வலி, எலும்பின் மேல் ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி இவற்றில் எது வந்தாலும் நிறுத்துங்கள். கடைசியாகச் சொன்னது எலும்பில் விரிசலின் தொடக்கமாக இருக்கலாம்.

மூக்கு ஒழுகுவதோ லேசான தொண்டைக் கரகரப்போ இருந்தால் நடக்கலாம், மெதுவாக ஓடவும் செய்யலாம். நெஞ்சுச் சளி, உடல்வலி, காய்ச்சல் இருந்தால் ஓடவே கூடாது. வைரஸ் தொற்றோடு கடுமையாக உழைப்பது இதயத் தசை அழற்சியின் ஆபத்தைக் கூட்டும். காய்ச்சல் முழுவதும் விட்டபின் சில நாள் நடந்து பார்த்துவிட்டுத்தான் ஓட வேண்டும்.

ஒரு வாரம் தவறினால் விட்ட வாரத்திலேயே தொடருங்கள். இரண்டு வாரம் தவறினால் இரண்டு வாரம் பின்னே போங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டால், 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை என்ற முதல் வாரத்துக்கே திரும்புங்கள். விட்டதைப் பிடிக்க ஒரே வாரத்தில் நான்கு, ஐந்து நாள் ஓட முயல வேண்டாம்.